மார்ச் மாதத் தரை

நான் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டக்காரனாக இருந்தவன். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "அது சரி, வேலை என்ன பாக்குறீங்க?" என்பார்கள். கூடைப்பந்துதான் வேலை என்று சொன்னால் பாவம் பார்த்து டீ வாங்கிக் கொடுப்பார்கள். அந்த டீயையும் குடித்திருக்கிறேன். ஆறடியைத் தாண்டின உடம்பு, ரோஷம் பார்த்தால் கட்டுப்படியாகாது.

அப்பாவின் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து நிக்கோபாரில் இருக்கிற கச்சால் தீவுக்கு ரப்பர் பால் வெட்ட வந்த குடும்பம். சுனாமிக்குப் பிறகு அங்கே வெட்ட மரமும் இல்லை, இருக்க வீடும் இல்லை. போர்ட் பிளேயருக்கு வந்து கராச்சர்மாவில் குடியேறினோம். அப்பா பால் கத்தியை வைத்துவிட்டு கொத்துக்கரண்டியை எடுத்தார். எங்கள் தீவு வழக்கத்தில் அவர் மிஸ்திரி. தளம் போடுவதில் கெட்டிக்காரர். தான் போட்ட தரை வெடித்ததில்லை, இறங்கினதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. சாமி கும்பிடாத நாள் உண்டு, இதைச் சொல்லாத நாள் கிடையாது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அரசாங்கக் கூடைப்பந்து மைதானம் இருந்தது. மார்ச் மாதம் வந்தால் மெயின்லேண்டில் வெயில் வரும், பரீட்சை வரும். எங்களுக்கு சிமெண்ட் வரும். அந்த வருஷத்துக்கு வந்த ஃபண்டை மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். திரும்பிப் போன ஃபண்ட் செத்துப்போன மாமனார் மாதிரி, மறுபடி வராது. அதனால் ஜூனியர் இன்ஜினியர், எங்கள் ஜே.ஈ. சாப், வருவார், நல்லா இருக்கிற தரையை ஒரு தடவை காலால் தட்டிப் பார்ப்பார், "பஹுத் கராப் ஹோ கயா" என்று வருத்தப்படுவார். ரொம்பக் கெட்டுப்போச்சாம். போன வருஷம்தான் போட்டது, அதைப் போட்ட மிஸ்திரி பக்கத்திலேயே நிற்கிறார். அப்பாவுக்கு முகம் சுண்டிப்போகும். ஆனாலும் வேலை வேலைதானே. பழைய தரையை உடைத்தால் உடைத்த கல்லைக் கொட்ட இன்னொரு ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் உடைக்க மாட்டார்கள். தரைமேலேயே தரை. வருஷா வருஷம் மூணு விரக்கடை. ஜே.ஈ.க்குக் கணக்கு முடிந்தது, காண்ட்ராக்டருக்குப் பில் முடிந்தது, அப்பாவுக்கு வேலை, எங்களுக்குப் புதுத் தரை. யாருக்கு என்ன நஷ்டம்?

நான் அந்தத் தரையில் விளையாடி வளர்ந்தேன். ஒவ்வொரு மார்ச்சும் போய் ஏப்ரல் வரும்போது என் ஜம்ப் கொஞ்சம் கூடியது. பதினேழு வயதில் டங்க் போட ஆரம்பித்தேன். ஓடிவந்து எழும்பி, பந்தை மேலேயிருந்து ரிங்குக்குள் குத்தி இறக்குவதற்குப் பேர் டங்க். நம் ஊரில் அது லேசில் யாருக்கும் வராது. எனக்கு வந்தது. ஒரு கையால் போட்டேன், இரண்டு கையால் போட்டேன், பின்பக்கமாகத் திரும்பிப் போட்டேன். சாயங்காலமானால் ஜனம் கூடிவிடும். பெங்காலிக் குடும்பம், தெலுங்குக் குடும்பம், மலையாளத்து ஆட்கள், எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். "மிஸ்திரி அண்ணன் மகன் பறக்கிறான்" என்று பேச்சு. அப்பா ஒரு ஓரமாக நின்று என்னைப் பார்ப்பாரா, தரையைப் பார்ப்பாரா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கும்.

ஒரே ஒரு விஷயம் இடித்தது. மின்னி பே பக்கம் இன்னொரு மைதானம். அங்கே போனால் எனக்கு டங்க் வராது. ரிங்கின் விளிம்பில் பந்து முட்டித் திரும்பிவிடும். இதற்கு ஊர் கூடி ஒரு காரணம் கண்டுபிடித்தது. கடல்காற்று. மைதானம் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறது, காற்று ஆளைக் கீழே அமுக்குகிறது. நானும் நம்பினேன். படித்தவர்களும் நம்பினார்கள். பள்ளிக்கூடத்து பிஸிக்ஸ் வாத்தியார் கரும்பலகையில் அம்புக்குறி போட்டே விளக்கினார். எல்லாப் பக்கமும் கடல் இருக்கிற ஊரில் கராச்சர்மாவில் மட்டும் காற்று எப்படி இல்லாமல் போனது என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கார் நிக்கோபாரிலிருந்து ஒரு டீம் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது. அதில் ஒரு நெட்டை ஆள் ரிங்கை அண்ணாந்து பார்த்தார், சிரித்தார், சும்மா இரண்டு எட்டு வைத்துப் பந்தை உள்ளே குத்தினார். "பஹுத் அச்சா கோர்ட் ஹை" என்றார், ரொம்ப நல்ல கோர்ட்டாம். பாராட்டுகிறார் என்று நினைத்து அவருக்கு நாங்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தோம்.

என் டங்க்கை ஒருத்தர் போனில் பிடித்தார். அப்போதைய எங்கள் இன்டர்நெட் தெரியும் உங்களுக்கு. அந்த வீடியோ நெட்டில் ஏற ஒரு பகல் முழுக்க ஆனது. ஏறினது ஏறினதுதான், சென்னையில் புதிதாக ஆரம்பித்திருந்த ஒரு லீக்கில் ஒரு டீம் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். போன் வந்தது. மாசச் சம்பளம், தங்க இடம், சாப்பாடு, பந்து ஆடுவதுதான் வேலை. ஒரு தடவை வந்து பயிற்சியில் கோச்சுக்கு அந்த டங்க்கைப் போட்டுக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கான்கிரீட் கலவை சுமக்க வேண்டியவனுக்கு இப்படி ஒரு வாசல் திறந்தது. டங்க் போட்டால் ஆட்டக்காரன். போடாவிட்டால் அப்பாவோடு மார்ச் மாத வேலைக்கு இன்னொரு ஆள்.

கப்பல் ஏற்றிவிட ஊரே ஹாடோ துறைமுகத்துக்கு வந்தது. கப்பல் படுக்கையில் என் கால் முட்டிக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாத்ரூம் போகிற ஒவ்வொருத்தரும் இடித்துக்கொண்டு போனார்கள். ஒரு பாட்டையா மட்டும் அதன்மேல் துண்டைக் காயப்போட்டார். சென்னை வந்து இறங்கியபோது தரை ஆடிக்கொண்டிருந்தது. அதுகூட எனக்கு ஒரு எச்சரிக்கையாகப் படவில்லை பாருங்கள்.

ஏசி போட்ட உள்ளரங்கம். மரத்தரை பளபளவென்று இருந்தது. மேனேஜர், கோச், மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இங்கே கடல்காற்றும் இல்லை, இன்றைக்கு நான் கூரையை உடைக்கப் போகிறேன் என்று நினைத்தேன். ஓடினேன், எழும்பினேன், குத்தினேன். பந்து ரிங்கின் விளிம்பில் பட்டு நேராக என் மூக்குக்கு வந்தது. மல்லாக்க விழுந்தேன். மூக்கில் ரத்தம்.

கோச் நிதானமான மனிதர். பஞ்சைக் கொடுத்துவிட்டு, "தம்பி, உங்க ஊர்ல இப்படித்தான் போடுவீங்களா?" என்றார்.

"அங்க நல்லா வரும் சார். இங்க காத்து அமுக்குது."

"ஏசி காத்தா?"

சிரிப்புச் சத்தம் அரங்கத்தையே நிறைத்தது. மறுபடி போட்டேன். மறுபடி முட்டியது. மூன்றாவது தடவை கை ரிங்கைத் தொட்டதோடு சரி. கோச் என்னை உட்காரவைத்து எங்கள் மைதானத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன தரை, யார் போட்டது, எப்போது போட்டது. நான் பெருமையாக, "எங்கப்பாதான் சார், வருஷா வருஷம் புதுசு போடுவார்" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் வாய் தானாக நின்றுவிட்டது. பழைய தரைமேல் புதுத் தரை. ரிங் மாட்டின போஸ்ட் மட்டும் ஆதியில் நட்டபடி அதே உயரத்தில். நான் மேலே போகவில்லை. என்னைத் தரை தூக்கியிருக்கிறது.

வெளியே போய் அப்பாவுக்குப் போன் போட்டேன். "அப்பா, நம்ம கிரவுண்டுல நீங்க எத்தன தடவ தளம் போட்டிருப்பீங்க?"

பயந்த குரலில், "ஏன் மகன், வெடிப்பு விட்டிருச்சா?" என்றார்.

இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறென்ன சொல்வது.

அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியவன்தான். ஆனால் என்னைக் காப்பாற்றியது போஸ்டர். வீடியோவிலிருந்து என் படத்தை எடுத்து, "அந்தமான் ஏவுகணை" என்று போட்டு, ஆட்டோக்களின் முதுகிலெல்லாம் ஏற்கனவே ஒட்டிவிட்டார்கள். டீம் முதலாளி டைல்ஸ் வியாபாரி. எனக்கும் தரைக்கும் ஏதோ பூர்வஜென்மத்துக் கடன். அவர் போஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "படத்துல இருக்கிற மாதிரி நின்னா போதும்பா" என்றார். அப்படித்தான் நான் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனேன்.

சும்மா சொல்லக்கூடாது, கோச் என்னை ஆளாக்கினார். எதிராளிக்கு வழி மறிப்பது, இடி வாங்குவது, பந்தைப் பறித்து மற்றவனுக்குக் கொடுப்பது. மிஸ்திரி மகன், சுவர் மாதிரி நிற்கக் கற்றுக்கொண்டேன். பிரியாணி டோக்கன் கொடுத்துக் கூட்டிவந்த காலேஜ் பிள்ளைகள் "ஏவுகணை, டங்க் போடு" என்று கத்துவார்கள். ஏவுகணை பந்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஓடிவரும். மூன்று சீசன் ஆடினேன். ஒரு ஆட்டத்திலும் டங்க் போடவில்லை.

பயிற்சியில் போட்டேன். ஒரே ஒரு தடவை. மூன்றாவது சீசனில், எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தபோது. ஓடிவந்து எழும்பினேன், ஏதோ அன்றைக்கு உடம்பு லேசாக இருந்தது, பந்து உள்ளே போயே போய்விட்டது. முழு உயர ரிங். மனசு நிறைந்து திரும்பிப் பார்த்தேன். துடைப்பத்தோடு ஒரு அக்கா நின்றிருந்தார். "தம்பி, இப்பத்தான் தொடச்சேன், மிதிச்சு வச்சிருக்கீங்களே" என்றார். என் தொழில் வாழ்க்கையின் உச்சம் அதுதான். சாட்சி அவர் ஒருத்தர்தான், அவரும் கோபமாக இருந்தார்.

அப்புறம் டைல்ஸ் முதலாளிக்கு கபடிமேல் பிரியம் வந்துவிட்டது. லீக் மூடியது. கான்கிரீட்டில் குதித்து வளர்ந்த என் வலது முட்டியும் அதோடு சேர்ந்து கடையைக் கட்டியது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எங்கள் தீவிலேயே விளையாட்டு செக்ஷனில் ஒரு நாற்காலி கிடைத்தது. ஊருக்கு வந்தால் மாலை, மேளம். ஆட்டமெல்லாம் நெட்டில்தான் காட்டினார்கள், எங்களுக்கு நெட் வராது. அதனால் நான் அங்கே மூன்று சீசனும் டங்க் போட்டுத் தள்ளியதாகவே ஊர் நம்பிக்கொண்டிருந்தது. நெட் வராத ஊரில் பிறந்ததற்கு அன்றைக்குத்தான் சாமிக்கு நன்றி சொன்னேன். அப்பா அந்த ஆட்டோ போஸ்டரை எப்படியோ வாங்கி, சட்டம் போட்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டியிருந்தார்.

பின்னால் போய் மைதானத்தைப் பார்த்தேன். நான் இல்லாத மார்ச்சுகளிலும் சிமெண்ட் வந்திருக்கிறது. ஒன்பதாம் கிளாஸ் பையன்கள் டங்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் பபுள்கம் மென்றுகொண்டே போட்டான். இரண்டு மூன்று பேர் வீட்டில் மெயின்லேண்டுக்கு செலக்‌ஷனுக்கு அனுப்பக் கப்பல் டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் மூக்குகளைப் பார்த்தேன். நல்ல மூக்குகள்.

ரிங்கைச் சரியான உயரத்துக்கு ஏற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். ஆபீஸில் சொன்னால் சிரித்தார்கள். தரை ஜே.ஈ.யின் கட்டட செக்ஷனுடையது, போஸ்ட் விளையாட்டு செக்ஷனுடையது. "தரை உயர்ந்திருக்கு" என்று நான் எழுதினால் அவர்கள் தப்பு செய்தார்கள் என்று ஆகும். "போஸ்ட் குள்ளமா இருக்கு" என்று எழுதினால் நாங்கள் தப்பு செய்தோம் என்று ஆகும். யார்மேலும் தப்பில்லாமல் உயரம் மட்டும் குறைந்திருக்க வேண்டும். மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் "பழைய போஸ்ட் துருப்பிடித்துவிட்டது" என்றேன். உடனே சாங்ஷன் ஆனது. எங்கள் தீவில் துருவை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

புது போஸ்ட் கப்பலில் வந்தது. டேப் பிடித்து நானே உயரம் பார்த்து நட்டேன். மறுநாள் சாயங்காலம் ஊர் கொந்தளித்தது. ஒரு பிள்ளைக்கும் டங்க் வரவில்லை. பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "மேரே பேட்டே கா ஜம்ப் கா கயா" என்று என்னைப் பார்த்துக் கைநீட்டினார். அவர் மகனுடைய ஜம்ப்பை நான் தின்றுவிட்டேனாம். மெயின்லேண்டில் இதுதான் உயரம் என்றேன். "தான் பேரு வாங்கியாச்சு, மத்த பிள்ளை வந்துரக்கூடாதுன்னு ஏத்திட்டான்" என்று ஒருத்தர் சொன்னார். அந்தப் பேச்சு பற்றிக்கொண்டது. ஊர்க்கூட்டம் ஆபீஸ் வரைக்கும் போனது. எங்கள் பெரிய சாப் எல்லோருக்கும் நல்லவர், அதாவது எதையும் முடிவு செய்யாதவர். அவர் ஒரு வழி சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை புது போஸ்டுக்குத் திறப்பு விழா. அதில் நான் டங்க் போட்டுக் காட்ட வேண்டும். போட்டால் போஸ்ட் இருக்கும். போடாவிட்டால் அறுத்துக் குள்ளமாக்கிவிடுவது. "டீக் ஹை?" என்றார், சரிதானே என்று. எல்லோரும் டீக் ஹை என்றார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் முட்டிக்கு எண்ணெய் தேய்த்தேன். ஒரு தடவை போட்டவன்தானே, இன்னொரு தடவை வராதா என்று நினைத்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும் சாப்பிடும்போது, "உயரமா மகன்?" என்றார். உயரம்தான் அப்பா என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஷாமியானா, நாற்காலி, சமோசா, மைக். போன் இல்லாத கை ஒன்றுகூட இல்லை, கடலுக்கடியில் கேபிள் வந்ததிலிருந்து இப்போது நெட் வேறு நன்றாக வருகிறது. பெரிய சாப் ரிப்பன் வெட்டினார். மைக்கில் என்னை ஏவுகணை என்றார்கள். ஜனம் அடங்கியது. அந்த ஒன்பதாம் கிளாஸ் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பந்தைத் தரையில் இரண்டு தடவை தட்டினேன். அப்பா போட்ட தரை, பந்து நன்றாக எழும்பியது. ஓடினேன். எழும்பும்போதே முட்டி உள்ளே ஏதோ சொல்லிவிட்டது. கை நீண்டது, நீண்டுகொண்டே போனது, விரல் நுனி ரிங்கைத் தொட்டது. பந்து விளிம்பில் மோதி ஷாமியானாப் பக்கம் போய் சமோசா தட்டைக் கவிழ்த்தது. நான் குப்புற விழுந்து கிடந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பெரிய சாப் தொண்டையைக் கனைத்தார். அறுக்கச் சொல்லத்தான் கனைக்கிறார் என்று தெரிந்தது.

அப்போது ஓரத்திலிருந்து அப்பா நடந்து வந்தார். மைதானத்தின் நடுவில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தடவினார், அங்கங்கே தட்டிப் பார்த்தார். எழுந்து நின்று, தமிழும் இந்தியுமாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "பையன் மேல தப்பு இல்ல சாப். போஸ்ட் மேலயும் தப்பு இல்ல. தரைதான் எறங்கிருச்சு. நான் சரியாப் போடல. மேரா கல்தி, என் தப்பு. மார்ச்ல சரி பண்ணிரலாம்."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. மிஸ்திரியே ஒத்துக்கொண்ட பிறகு என்ன பேச்சு. ஜே.ஈ. சாப் அங்கேயே எழுந்து தரையைக் காலால் தட்டி, "பஹுத் கராப் ஹோ கயா" என்றார், முகமெல்லாம் சந்தோஷம். பெங்காலி அம்மாகூட சமாதானமாகி எனக்கு ஒரு சமோசா எடுத்து வைத்தார். போஸ்டை யாரும் தொடவில்லை. மார்ச்சுக்குள் போக வேண்டிய பிள்ளைகள் உண்மையான ரிங்கைப் பார்த்துவிட்டுப் போவார்கள். என் மனசுக்கு அது போதும்.

எல்லோரும் கலைந்தபிறகு அப்பா தோளில் கைபோட்டு நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில், "அப்பா, தரை நிஜமாவே எறங்கிருச்சா?" என்று கேட்டேன்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் போட்ட தரையா? எறங்குமா? இந்தத் தீவே எறங்கினாலும் அது எறங்காது."

"பின்ன எதுக்கு அத்தன பேர் முன்னால அப்படிச் சொன்னீங்க?"

என் முட்டியைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கையை என் இடுப்பில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து நடத்திக்கொண்டே சொன்னார்.

"உனக்கு எட்டலையே, மகன்."